பூப்பெயர், பறவைப்பெயர், ஊர்ப்பெயர்

பத்து விரலையும் ஒவ்வொன்றாகச் சின்னக் கண்ணாடிக் கருவியில் வைத்து அழுத்தச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு வேடிக்கையாக இருக்கிறது. கட்டைவிரலை இரண்டு தடவை வைக்கிறது. சில நாள் கழித்து வழவழப்பான தாளில், வண்ண வட்டப்படங்களோடு ஓர் அறிக்கை வீட்டுக்கு வருகிறது. உங்கள் பிள்ளை கண்ணால் கற்கும் ரகம் இத்தனை சதவீதம், காதால் கற்கும் ரகம் இத்தனை சதவீதம், மிச்சம் கைகாலை அசைத்துக் கற்கும் ரகம். அதற்குத் தக்கபடி சொல்லிக்கொடுத்தால் பிள்ளை எங்கேயோ போய்விடும். இந்த ஆரூடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். டி.எம்.ஐ.டி. என்ற பெயரில் இதைப் பெற்றோரிடம் விற்கிறார்கள்.

கைரேகை தாயின் வயிற்றிலேயே, மூன்றாம் நான்காம் மாதத்தில் உருவாகிறது என்பது உண்மை. அதே காலத்தில் மூளையும் வளர்கிறது என்பதும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் ஒரு முடிச்சைப் போட்டு, ரேகையைப் பார்த்தால் மூளையைப் பார்த்த மாதிரி என்று சொல்வதுதான் வியாபாரம். அந்த முடிச்சுக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. நாடி ஜோதிடருக்காவது ஒரு கட்டைவிரல் போதும். இவர்களுக்குப் பத்தும் வேண்டியிருக்கிறது.

ரேகையைத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த அறிக்கைக்குள் உட்கார்ந்திருக்கும் எண்ணம் அவ்வளவு சுலபத்தில் போகாது. “எனக்குப் பார்த்தால்தான் மனசில் நிற்கும்”, “அவனுக்குக் காதில் விழுந்தாலே போதும்” என்று சொல்லாத வீடு இல்லை. ஆசிரியர்களும் விலக்கில்லை. பிரிட்டன், நெதர்லாந்து ஆசிரியர்களிடம் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, மாணவருக்குப் பிடித்த வழியில் தகவலைக் கொடுத்தால் அவர் நன்றாகக் கற்பார் என்பதை நம்புகிறீர்களா என்று கேட்டது. பிரிட்டனில் 93 சதவீதம், நெதர்லாந்தில் 96 சதவீதம் ஆசிரியர்கள் ஆமாம் என்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று ஆசிரியர்கள் வேறெந்த விஷயத்தில் ஒத்துப்போவார்கள் என்று தெரியவில்லை.

இந்த எண்ணத்துக்குப் பல ஊற்றுகள் உண்டு. 2004இல் பிரிட்டனில் இதையெல்லாம் கணக்கெடுத்தவர்கள் மனிதர்களைக் கற்றல் ரகங்களாகப் பிரிக்கும் 71 முறைகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் உலகமெல்லாம் பரவியது நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் உருவாக்கிய ‘வார்க்’. ஃபிளெமிங் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். வகுப்பு வகுப்பாகப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று அவரை உறுத்தியது. நல்ல ஆசிரியர் என்று பேரெடுத்தவரின் வகுப்பிலும் சில பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. சுமாரான ஆசிரியரின் வகுப்பிலும் சில பிள்ளைகள் பிரமாதமாகக் கற்றார்கள். ஏன்? படம், ஒலி, எழுத்து, செய்கை என்று நான்கு வழிகளை வைத்துக்கொண்டு ஒரு வினாத்தாள் தயாரித்தார். 1992இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. தெரியாத ஊரில் வழி சொல்லவேண்டும் என்றால் வரைந்து காட்டுவீர்களா, வாயால் சொல்வீர்களா, எழுதிக்கொடுப்பீர்களா, கூடவே நடந்து போய் விடுவீர்களா என்கிற மாதிரியான கேள்விகள்.

கவனித்தால், அது கேட்டது விருப்பத்தை. ஒருவருக்கு இட்லி பிடிக்கும் என்பதும், இட்லிதான் அவர் உடம்பில் ஒட்டும் என்பதும் வேறுவேறு செய்திகள்.

இரண்டாவதைச் சோதிக்க ஒரே வழிதான். கண் ரகம் என்று தெரிந்தவர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் படமாகவும் மீதிப் பேருக்குப் பேச்சாகவும் ஒரே பாடத்தைக் கொடுக்கவேண்டும். காது ரகத்தையும் அப்படியே பிரிக்கவேண்டும். பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு. கண் ரகம் படத்திலும் காது ரகம் பேச்சிலும் முந்தினால் கொள்கை சரி. எல்லோருமே படத்தில் முந்தினால், அந்தப் பாடத்துக்குப் படம் பொருத்தம் என்றுதான் அர்த்தம். ஆளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2008இல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இந்த உரைகல்லை வைத்துக்கொண்டு, அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டினார்கள். இப்படி முறையாகச் சோதித்தவையே மிகக் குறைவு. சோதித்தவற்றில் சில, கொள்கைக்கு நேர் எதிராகவே இருந்தன. ரகத்துக்கேற்ற பாடம் என்பதற்கு வகுப்பறைப் பணத்தைச் செலவழிக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

பிறகு வந்தவையும் அதே பக்கம்தான். 2015இல் ஓர் ஆய்வு, பெரியவர்கள் சிலருக்கு ஒரு புத்தகத்தின் பகுதியை ஒலியாகவும் சிலருக்கு மின்னெழுத்தாகவும் கொடுத்தது. கேட்கப் பிடிக்கும் என்றவர்கள் கேட்டதில் ஒன்றும் அதிகமாகப் புரிந்துகொள்ளவில்லை. 2018இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்த மாணவர்கள் வார்க் வினாத்தாளை நிரப்பித் தங்கள் ரகத்தைத் தெரிந்துகொண்டார்கள். தெரிந்துகொண்டும் பெரும்பாலானவர்கள் அதன்படி படிக்கவில்லை. படித்த சிலரும் கூடுதல் மதிப்பெண் வாங்கவில்லை. திரையில் திசுக்களைப் பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கி மென்பொருளை அதிகம் பயன்படுத்தியவர்களோ, ரகம் எதுவானாலும், நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். திசுவைப் பற்றிப் படிப்பவர் திசுவைப் பார்க்கத்தான் வேண்டும். தன்னைக் காது ரகம் என்று சொல்லிக்கொள்பவருக்கு மட்டும் சிறுநீரகத்தின் குறுக்குவெட்டை யாராவது பாடிக்காட்டவா முடியும்?

ஆக, வழியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பொருள்தான். இதை நம் ஊர் வாத்தியங்களைச் சொல்லிக்கொடுப்பவர்கள் யாரும் சொல்லாமலே அறிந்தவர்கள். மிருதங்க வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையனைப் பாருங்கள். தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி, வாத்தியார் தட்டிப் பார்த்துச் சுருதி சேர்ப்பதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். அவன் கை வாத்தியத்தின்மேல் இருக்கிறது. ஆனால் முதலில் வேலை செய்வது வாய். தா, தீ, தோம், நம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல், ஓர் இடம். பிறகு தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து. வாத்தியார் தொடையில் தாளம் போட்டபடி சொற்கட்டைச் சொல்கிறார், பையன் திருப்பிச் சொல்கிறான், அப்புறம்தான் வாசிக்கிறான். தப்பினால் “வாயால சொல்லு” என்பதுதான் உடனே கிடைக்கும் திருத்தம். வாயில் தடுக்குகிற இடத்தில்தான் கையும் தடுக்கும் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும்முன் நோட்டில் எழுதியும் வாங்கிக்கொள்கிறான். கண், காது, வாய், கை, எழுத்து எல்லாமே வருகின்றன, ஒவ்வொன்றும் அதனதன் வேலைக்கு. இந்தப் பையன் எந்த ரகம் என்று எந்த மிருதங்க வாத்தியாரும் கேட்டதில்லை.

இடையில் இன்னொரு பழைய புரளியையும் தீர்த்துவிடலாம். படித்ததில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டதில் 20, பார்த்ததில் 30, செய்ததில் 90 என்று ஒரு பிரமிடு படம் பயிற்சி வகுப்புகளில் சுற்றுகிறது. கீழே எட்கர் டேல் என்ற பெயர் இருக்கும். அமெரிக்கக் கல்வியாளர் டேல் 1946இல் தம் புத்தகத்தில் ஒரு கூம்பு வரைந்தது நிஜம். நேரடி அனுபவத்திலிருந்து வெறும் சொல் வரை, பாடப் பொருள்களை வரிசைப்படுத்திய படம் அது. அதில் ஒரு சதவீதக்கணக்கும் கிடையாது. பத்துப் பத்தாக ஏறும் அந்த எண்கள் யாரோ பின்னால் ஒட்டியவை. எந்தச் சோதனையில் விடை இவ்வளவு அழகாக முழு எண்ணில் வந்திருக்கிறது?

எந்த ரகம் என்பதைவிட, உள்ளே போனதை வெளியே எடுத்துப் பார்த்தோமா என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இருவர் செய்த சோதனை எளிமையானது. மாணவர்களுக்கு ஒரு சின்னப் பாடம். சிலர் அதை இரண்டு தடவை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு, வெற்றுத்தாளில் நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56.

தேர்வு நாள் காலையில் பேருந்தில் நின்றபடி புத்தகத்தைப் புரட்டுகிற பிள்ளைக்கு அந்த 81 கிடைக்கிறது. அதனால்தான் அது தொடர்ந்து அதையே செய்கிறது. மஞ்சள் கோடு போட்ட வரிகளை மறுபடி மறுபடி பார்க்கும்போது எல்லாம் தெரிந்த முகமாகத் தோன்றும். தெருவில் தினம் பார்க்கிறவரின் முகம் தெரியும், பெயர் கேட்டால் வராது. அந்த மாதிரி.

இந்தச் சுகம் ஆளை ஏமாற்றுவதை நேட் கார்னெல், ராபர்ட் பியோர்க் இருவரும் 2008இல் வேறொரு கோணத்தில் காட்டினார்கள். 12 ஓவியர்களின் இயற்கைக் காட்சி ஓவியங்களை மாணவர்கள் பார்த்தார்கள். சில ஓவியர்களின் படங்கள் தொடர்ந்தாற்போல் ஒரே கொத்தாக வந்தன. மற்றவர்களுடையவை ஒன்றோடொன்று கலந்து, இடைவெளி விட்டு வந்தன. பிறகு பார்த்திராத புது ஓவியங்களைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார்கள். கலந்து பார்த்த ஓவியர்களைத்தான் நன்றாக அடையாளம் கண்டார்கள். எது உதவியது என்று அந்த மாணவர்களிடமே கேட்டபோது, பெரும்பாலானவர்கள் கொத்தாகப் பார்த்ததுதான் என்றார்கள். தங்கள் விடைத்தாளே வேறு சொல்லியிருந்தும்! எனக்கு எந்த வழி ஒத்துவரும் என்று எனக்குத் தெரியாதா என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

இடைவெளியின் பலனை முதலில் எண்ணிப் பார்த்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எப்பிங்ஹாஸ். 1885இல் வந்த அவர் புத்தகத்தில் சோதனைக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர், அவரேதான். அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எப்போது மறக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார். ஒரே நாளில் 68 தடவை சொல்லிப் பெற்ற பலனை, மூன்று நாளில் பிரித்துச் சொன்னபோது 38 தடவையிலேயே பெற்றதாகக் கணக்கு எழுதினார்.

எப்பிங்ஹாஸ் அசைகளை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது வாத்தியார் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் அதைச் சொல்லவேண்டும். அவ்வளவுதான். எழுதிக்கொள்ள ஏடு கிடையாது. சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் எல்லாவற்றையும் தாண்டி, மகிழம்பூவும் மீன்கொத்தியும் திருவையாறும் விடியும்வரை தலைக்குள் இருந்தாகவேண்டும். ஓர் இரவு இடைவெளி, பிறகு நினைவிலிருந்து எடுத்தல்: செயின்ட் லூயிஸ் ஆய்வகமும் எப்பிங்ஹாஸும் சேர்ந்து சொன்னதில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

எழுத்து கற்பித்ததும் அப்படித்தான். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்துகொண்டே அதன் ஒலியை உரக்கச் சொல்லவேண்டும். கை தேறியபிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். கணக்குக்கு எண்சுவடி. முழு எண் வாய்ப்பாடு மட்டுமல்ல. முக்கால், அரை, கால் என்று இறங்கி 320இல் ஒரு பங்கான முந்திரிவரை போகும். முதல் நாள் படித்ததைக் கூட்டமாக நின்று ஒப்பிப்பதற்கு ‘முறை சொல்வது’ என்று பெயர். கொஞ்சம் தேறிய பையன் சட்டாம்பிள்ளையாகி, சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். உ.வே.சாமிநாதையர் 1940களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் சரித்திர’த்தில் இந்தப் பள்ளிக்கூடங்களின் சித்திரம் விரிவாக உண்டு.

இது ஒன்றும் பொற்காலம் இல்லை. பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் அங்கேதான் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. பெண் குழந்தைகள் அபூர்வம். ஒப்பித்த செய்யுளுக்கு அர்த்தம் பல வருடம் கழித்தே தெரியவந்தது, சிலருக்குத் தெரியாமலே போயிற்று. ஆனால் எப்படி மனதில் இறங்குகிறது என்பதில் அந்த வாத்தியார்களுக்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது.

அதைக் கண்டுகொண்டவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அநாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றார். இருந்த ஆசிரியர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. வெளியே போனபோது தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். திரும்பி வந்து தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். எட்டு வயதுப் பையன் ஒருவனையே மற்ற சிறுவர்களுக்கு வாத்தியாராக உட்காரவைத்தார். நடந்ததை எழுதி 1797இல் லண்டனில் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். குளிர்காற்று அடிக்கும் அந்தக் கடற்கரை ஊருக்கு எழும்பூர் எப்படிப் போனது என்று அங்கே படிக்கும் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

சட்டாம்பிள்ளைக்கும் பின்னாளில் ஆய்வுச் சான்று கிடைத்துவிட்டது. 2014இல் ஒரு சோதனையில், சிலரிடம் இதைப் படித்து இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்றும், மற்றவர்களிடம் தேர்வு இருக்கிறது என்றும் சொன்னார்கள். கடைசியில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லோருக்கும் தேர்வுதான். சொல்லிக்கொடுக்கப்போகிறோம் என்று நினைத்துப் படித்தவர்களின் நினைவில் பாடம் அதிகமாகவும் ஒழுங்காகவும் இருந்தது.

அப்படியானால் ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லையா? நிறைய இருக்கிறது, ரகம் பிரிப்பவர்கள் தேடும் இடத்தில்தான் இல்லை. எழுத்தை ஒலியோடு சேர்ப்பதைச் சிரமமாக்கும் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு அச்சடித்த பக்கம் நிஜமாகவே மேடு. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தாய்மொழி மாதிரி. இவை ருசி சம்பந்தப்பட்டவை அல்ல. இவற்றைவிடப் பரவலானது, ஏற்கெனவே என்ன தெரியும் என்பது. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 64 பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டி, ஆனால் ஆட்டம் தெரியாது என்ற பிள்ளைகளைவிட, வாசிப்பில் மட்டம், ஆனால் ஆட்டம் அத்துபடி என்ற பிள்ளைகள் நன்றாக நினைவுகூர்ந்தார்கள். இங்கே பேஸ்பால் வேண்டாம், கிரிக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்ப் பாடத்தில் தடுமாறும் பையன் கடைசி ஓவரைப் பந்து பந்தாகச் சொல்வதைக் கேட்காதவர் உண்டா?

இன்னொன்று வேகம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியிலிருந்து வந்த யோசனை. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாக உடைக்கப்பட்டது, சுவரில் ஏணிப்படம், பாயில் உட்கார்ந்த பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அட்டையை எடுத்துக்கொண்டது. சுவரோடு தாழ்வாகக் கட்டிய கரும்பலகையில் ஆளுக்கொரு கட்டம். 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. பூப்பெயர்கள்தான் இங்கேயும். ஆனால் இந்தப் பெயர்கள் பிள்ளையின் ரகத்தைச் சொல்வன அல்ல, இப்போது நிற்கும் படியைச் சொல்வன. அரும்பு மொட்டாகலாம். காது ரகம் என்று அச்சடித்துக் கொடுத்தால் அது கடைசிவரை காது ரகம்தான். வரைபடம் வந்தாலே “எனக்கு இதெல்லாம் வராது” என்று தள்ளிவைக்க அதற்கு ஒரு சான்றிதழும் கிடைத்துவிடுகிறது.

ரகம் பார்க்காமல் எல்லா வழியிலும் கற்பவர்களைப் பார்க்க லண்டனுக்குப் போகலாம். அங்கே கறுப்பு டாக்சி ஓட்டவேண்டுமானால், சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்றவேண்டும். ‘நாலெட்ஜ்’ என்று அந்தப் பரீட்சைக்குப் பெயர். மூன்று, நான்கு வருடம் ஆகும். சின்ன மோட்டார் சைக்கிளில் மழையிலும் பனியிலும் சுற்றுகிறார்கள். வீட்டுச் சுவர் முழுக்க வரைபடம் ஒட்டுகிறார்கள். மாலையில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருவர் கேட்க மற்றவர் வழியை வாயால் ஒப்பிக்கிறார். எலினர் மக்வயர் என்ற நரம்பியல் அறிஞர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப் பயிற்சி எடுத்த 79 பேரைப் பல வருடம் தொடர்ந்தார். 39 பேர் தேறினார்கள். அவர்களின் மூளையில் மட்டும், நினைவுக்கும் இடங்களுக்குமான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பருத்திருந்தது. தேறாதவர்களுக்கும், பயிற்சியே எடுக்காதவர்களுக்கும் அந்த மாற்றம் இல்லை.

அவர்கள் கையில் இருக்கும் நீலப் புத்தகத்தில் 320 தடங்கள். முதல் தடம் மேனர் ஹவுஸ் ரயில் நிலையத்திலிருந்து கிப்ஸன் சதுக்கம் வரை. தேர்வு அறையில் வரைபடம் கிடையாது. எதிரே இருப்பவர் இரண்டு இடங்களின் பெயரை மட்டும் சொல்கிறார். கோட்டு சூட்டு போட்டு வந்திருக்கும் மாணவர் சுவரை வெறித்தபடி, கண்ணுக்குள் வண்டியைக் கிளப்பி, இடப்பக்கம் கிரீன் லேன்ஸ், வலப்பக்கம் ஹைபரி நியூ பார்க் என்று திருப்பம் திருப்பமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அப்பர் ஸ்ட்ரீட்டில் ஒரு கணம் நிற்கிறார். உதடு மட்டும் அசைகிறது. பிறகு வண்டி மறுபடி கிளம்புகிறது.